கேட்கலாகாது

மார்ச் 6

அன்புள்ள ஷரத்துவுக்கு,

அக்கா எழுதுவது. அத்தானுக்கு இருமல் விட்டது. எனக்கு விரல் வெடிப்பைத் தவிர வேறு குறை இல்லை. உன் கழுத்து வலிக்குத் தலையணையை மாற்றினாயா, அல்லது அதற்கும் நிபந்தனை போட்டிருக்கிறாயா? "சாப்பிட வரேன், ஆனா..." என்றே எதையும் தொடங்கிய பிள்ளைக்கு அப்பா வைத்த பெயர் ஷரத்து. நீ அரசாங்கச் சட்டத் துறையில் எவ்வளவு பெரிய அதிகாரியானாலும் எனக்கு அது மாறாது.

போனில் சொன்னால் "பார்க்கலாம் அக்கா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்றுக் காலை பதினொரு மணிக்குச் சலவைக்கூடத்தைப் பூட்டி அரக்கு முத்திரை வைத்துவிட்டார்கள். எங்கள் கழிவுநீரால் கால்வாயில் நுரை பொங்குகிறதாம். அந்த நுரை இரண்டு தெரு மேலே இருக்கும் சாயப் பட்டறையிலிருந்து வருவது. எங்கள் தண்ணீர் மூன்று தொட்டிகளில் தேங்கி வடிந்துதான் வெளியே போகிறது. பின்பக்கம் வந்து பார்க்கும்படி அந்த அதிகாரியை அழைத்தேன். அவர் நகரவில்லை. "அம்மா, இது புதுச் சட்டம். எனக்குத் தேவைன்னு பட்டா மூடலாம். உங்ககிட்ட விளக்கம் வாங்கணும்னு இதுல இல்ல" என்று தாளைக் காட்டினார்.

இயந்திரங்களுக்குள் ஆஸ்பத்திரிப் படுக்கைவிரிப்புகள் இருநூற்று நாற்பது கிடக்கின்றன, நனைந்தபடி. அதையாவது எடுத்துக்கொள்கிறோம் என்றோம். விடவில்லை. பதினொரு பெண்களும் தெருவில் நின்றோம்.

அந்தத் தாளில் கடைசி வரியைப் படித்தபோது, அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. "இவ்வாணை குறித்து எந்த நீதிமன்றமும் கேட்கலாகாது." பத்து வயதில் நீ அலமாரிக் கதவில் ஒட்டிய அறிவிப்பு ஞாபகம் இருக்கிறதா? "இதை யாரும் திறக்கலாகாது. ஏன் என்று கேட்கலாகாது." உள்ளே நீ உடைத்து ஒளித்த என் பேனா இருந்தது என்பது ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது.

கோர்ட்டுக்குப் போகலாமா, கூடாதா? அதை மட்டும் எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா

மார்ச் 21

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. அத்தான் நலமடைந்தது அறிந்து மகிழ்ச்சி. தலையணையை மாற்றிவிட்டேன், வலியில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை.

தாங்கள் குறிப்பிடும் சட்டம் அண்மையில் நடைமுறைக்கு வந்தது. அதைப் பற்றிப் பொதுவான அளவிலேயே அறிவேன். அதன் நான்காம் பிரிவு, மூடும் அதிகாரத்தை அதிகாரியின் கருத்துக்கே விட்டிருக்கிறது. பதினோராம் பிரிவு நீதிமன்றத்தின் தலையீட்டைத் தவிர்க்கிறது. எனவே வழக்குத் தொடுப்பது காலத்தையும் மனநிம்மதியையும் வீணாக்கக்கூடும். முப்பது நாள்களுக்குள் துறைக்கு மேல்முறையீட்டு மனு அனுப்பலாம். தொட்டிகளின் புகைப்படங்களை இணைப்பது நலம். மனு உரிய கவனத்தைப் பெறும் என்று நம்ப இடமுண்டு.

இது என் சொந்தக் கருத்து மட்டுமே. அலுவல் சார்ந்த ஆலோசனையாகக் கொள்ள வேண்டாம்.

அத்தானுக்கு என் வணக்கத்தைத் தெரிவிக்கவும்.

அன்புடன்,
தம்பி

ஏப்ரல் 4

அன்புள்ள ஷரத்துவுக்கு,

எல்லாரும் சுகமாக இருக்கிறோம். நேரில் "நீ வா போ" என்று பேசுகிறவன், தாளைத் தொட்டதும் "தாங்கள்" ஆகிவிடுகிறாய். அத்தான் உன் கடிதத்தைக் கேட்டுவிட்டு, "இது உன் தம்பி எழுதுனதா, இல்ல ஆபீஸ் எழுதுனதா?" என்றார்.

மனுவைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். தொட்டிகளின் படங்களைச் சுவருக்கு வெளியே நாற்காலி போட்டு ஏறி நின்று எடுத்தோம். இஸ்திரி மேசையில் நிற்பவளைத் தெரியுமல்லவா, தொண்டை பெரியது என்று நாங்கள் 'மைக்' என்று கூப்பிடுகிறவள்? அவள்தான் ஏறினாள். இறங்கும்போது, "அக்கா, உள்ளேயிருந்து ஒரு வாடை வருது. செத்தது எதுவோ கிடக்குற மாதிரி" என்றாள். ஈரத்துணி ஒரு மாதமாகப் புழுங்கினால் அப்படித்தான் நாறும்.

தினமும் காலையில் வழக்கமான நேரத்துக்கே எல்லாரும் வந்து முத்திரை வைத்த கதவுக்கு எதிரே நிற்கிறார்கள். வேறு எங்கே போவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

மைக் ஒன்று கேட்டாள். "இந்தச் சட்டத்தை எல்லாம் யாருக்கா உக்காந்து எழுதுறாங்க? அவங்களுக்கும் வீடு வாசல் இருக்கும்ல?" நீ அந்தத் துறையில் இருக்கிறாய் என்பது அவளுக்குத் தெரியும். உன்னைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். யார் எழுதுகிறார்கள், ஷரத்து? எப்படிப்பட்ட ஆள்?

கழுத்துக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

உன் அக்கா

ஏப்ரல் 29

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

வணக்கம். வெந்நீர் ஒத்தடம் ஓரளவு பலனளிக்கிறது. தங்கள் விரல் வெடிப்புக்கு மருந்திடுகிறீர்களா?

சட்ட வரைவு தனிமனிதர் ஒருவரின் பணியன்று. துறை கோருகிறது, குழு விவாதிக்கிறது, வரைவாளர் சொற்களைக் கோக்கிறார், சட்டமன்றம் நிறைவேற்றுகிறது. ஆகவே, குறிப்பிட்ட ஒரு வரியை இன்னார் எழுதினார் என்று சுட்டுவது பொருத்தமாகாது. இதைத் தங்கள் பணியாளரிடம் எளிய சொற்களில் விளக்கலாம்.

மனு பரிசீலனையில் இருக்கக்கூடும். பொறுமை காப்பதே இப்போதைக்கு உகந்தது.

அன்புடன்,
தம்பி

ஜூன் 1

அன்புள்ள ஷரத்துவுக்கு,

அத்தானுக்கும் எனக்கும் சுகம்தான். என் விரல் வெடிப்பெல்லாம் ஆறிவிட்டது. சோப்புத் தண்ணீர் பட்டு மூன்று மாதமாகிறது. இருபத்திரண்டு வருஷத்தில் என் கை இவ்வளவு மெத்தென்று இருந்ததில்லை. இது நல்ல செய்தியா, கெட்ட செய்தியா என்று நீயே முடிவு செய்துகொள்.

மனுவுக்குப் பதில் இல்லை. ஆஸ்பத்திரிக்காரர்கள் துணியை வேறு இடத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். இரண்டு பேர் ஊரை விட்டே போய்விட்டார்கள். மீதி ஒன்பது பேர் இன்னும் வருகிறார்கள். ஆனால் இப்போது யாரும் பேசுவதில்லை. மைக் கூட மெதுவாகத்தான் பேசுகிறாள்.

பக்கத்துத் தெருவில் ஒரு வக்கீல் பெண் இருக்கிறாள். காற்றடித்தால் பறந்துவிடுவாள்போல அவ்வளவு ஒல்லி. தாளை வாங்கி இரண்டு முறை படித்தாள்.

"கோர்ட் கேட்கக் கூடாதுன்னு போட்டிருக்கே, போக முடியுமாம்மா?" என்றேன்.

"அரசாங்கம் தன் அதிகாரத்துக்குள்ளதான் நடந்துச்சான்னு பார்க்கறது கோர்ட்டோட வேலை. அதைப் பார்க்காதேன்னு அரசாங்கமே ஒரு வரி எழுதிக்கிட்டா ஆச்சா? பரீட்சை எழுதுறவனே பேப்பர் திருத்துற மாதிரில்ல இருக்கு? இதை எழுதினவருக்கே அது தெரிஞ்சிருக்கும் அக்கா."

இந்த மாதம் பதினைந்தாம் தேதிக்குள் தாக்கல் செய்தால் ஆகஸ்டிலேயே விசாரணைக்கு எடுத்துக்கொள்வார்கள், தவறினால் அடுத்த வருஷம்தான் என்கிறாள். ஆனால் நீ வேண்டாம் என்று எழுதியிருக்கிறாயே. உன்னை மீறி நான் எதுவும் செய்ததில்லை. அதனால் ஒரே ஒரு வார்த்தை எழுது. "சரி" அல்லது "வேண்டாம்". ஷரத்து எதுவும் சேர்க்காதே. வேண்டாம் என்றால் இயந்திரங்களை விற்றுவிட்டு இதோடு முடித்துக்கொள்கிறேன்.

பதினைந்தாம் தேதி. மறந்துவிடாதே.

உன் அக்கா

ஜூன் 24

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

வணக்கம். பணி மிகுதியால் உடன் எழுத இயலவில்லை, பொறுத்தருள்க. இங்கு நலமே.

அரசுப் பணியில் உள்ளவன் என்ற முறையில், அரசுக்கு எதிரான வழக்கு குறித்து ஆம் என்றோ இல்லை என்றோ கூறும் நிலையில் நான் இல்லை. தங்கள் விருப்பப்படியும் தங்கள் வழக்குரைஞரின் ஆலோசனைப்படியும் செயல்படுமாறு வேண்டுகிறேன்.

அன்புடன்,
தம்பி

ஆகஸ்ட் 17

அன்புள்ள ஷரத்துவுக்கு,

இங்கே சுகம். உன் சுகத்துக்கு எழுது.

பதினான்காம் தேதி மாலை வரை தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினைந்தாம் தேதி காலையில் நானே கையெழுத்துப் போட்டுவிட்டேன். உன் கடிதம் அப்புறம்தான் வந்தது. ஒல்லி வக்கீலிடம் காட்டினேன். "கவனமான மனுஷர்" என்றாள்.

நேற்று விசாரணை. ஒன்பது பேரும் வந்தார்கள். நீதிபதி ஒரு அம்மாள், மூக்கின் நுனியில் கண்ணாடி. அரசு வக்கீல் எழுந்ததும் பதினோராம் பிரிவைப் படித்துவிட்டு உட்காரப் போனார்.

"நில்லுங்க," என்றார் நீதிபதி. "கேட்கலாகாதுன்னா என்ன அர்த்தம்? கேள்வி கேட்கக் கூடாதுன்னா, இல்ல காது குடுத்துக் கேட்கக் கூடாதுன்னா?"

அரசு வக்கீல் தாளைத் திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் விடை இருக்கும் என்பது போல. "ரெண்டும்தான் அம்மா."

"உங்களைக் கேள்வி கேட்காதேன்னு சொன்னா, என்ன கொள்கைன்னு நான் கேட்காம இருக்கலாம். அது உங்க வேலை. ஆனா ஒருத்தங்க வந்து வாசல்ல நின்னா, காது குடுக்காதேன்னு எந்தச் சட்டமும் இந்த நாற்காலிக்குச் சொல்ல முடியாது. அப்புறம் எதுக்கு இந்த நாற்காலி?" பிறகு அவர் பக்கம் குனிந்து கேட்டார். "மூடுறதுக்கு முன்னாடி இவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"சட்டத்துல அப்படி இல்ல அம்மா."

"இல்லைன்னா, கேட்கக் கூடாதுன்னு அர்த்தமா?"

பின்னால் மைக் சிரித்துவிட்டாள். அவள் சிரிப்பு உனக்குத் தெரியும். காவலர் வெளியே அனுப்பப் பார்த்தார். "இருக்கட்டும். இங்க கேட்கலாம்" என்றார் நீதிபதி.

தீர்ப்பு அடுத்த மாதம்.

உன் அக்கா

செப்டம்பர் 22

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் எல்லாரும் நல்ல சுகம். ஆகஸ்டில் எழுதியதற்கு உன் பதில் வரவில்லை. பரவாயில்லை, இதைப் படி.

ஜெயித்துவிட்டோம். விளக்கம் கேட்காமல் மூடியது செல்லாது; அப்படி மூடியது சரியா என்ற கேள்வியிலிருந்து நீதிமன்றத்தை விலக்கவும் முடியாது என்று எழுதியிருக்கிறார்கள். அந்தச் சொல்லைப் பற்றி மட்டும் இரண்டு பக்கம். நேற்று அதே அதிகாரி வந்து அரக்கை உடைத்தார். இயந்திரக் கதவைத் திறந்ததும் எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினோம். இருநூற்று நாற்பதும் கறுப்புப் பூஞ்சை பூத்து, தொட்டால் சேறாகக் கரைகிறது. பாதுகாப்பாக அடக்கம் செய்துவிட்டோம் என்று சொல் என்கிறாள் மைக்.

இப்போது சொல்கிறேன். முதல் நாளே எனக்குத் தெரியும், அந்த வரி உன் கையெழுத்து என்று. உலகத்தில் எல்லாரும் "கூடாது" என்று எழுதுவார்கள். "லாகாது" என்று எழுதுகிறவன் நீ ஒருவன்தான். நீயாகச் சொல்வாய் என்று ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு கதவைத் திறந்து வைத்தேன். நீ வரவில்லை. கோபமாகத்தான் இருந்தேன்.

ஆனால் தீர்ப்பைப் படித்தபோது எனக்குப் புரிந்தது. இவ்வளவு கவனமான நீ, இரண்டு அர்த்தம் வருகிற சொல்லை அங்கே சும்மா வைத்திருக்க மாட்டாய். மேலே இருப்பவர்கள் சொன்னதை எழுதித்தான் ஆக வேண்டும். ஆனாலும் ஒரு சந்து விட்டுவைத்திருக்கிறாய், என்னைப்போல் யாராவது நுழைந்து வரட்டும் என்று. வாயால் சொல்ல முடியாத நிலைமை. அப்படித்தானே? எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். மைக் உனக்காக வேண்டிக்கொண்டாள். அத்தான், "உன் தம்பி கெட்டிக்காரன்" என்றார். இருபது வருஷத்தில் அவர் உன்னை அப்படிச் சொன்னதில்லை.

"ஆமாம்" என்று ஒரு வரி எழுது. போதும்.

உன் அக்கா

அக்டோபர் 20

அக்கா,

உன் கடிதம் கிடைத்து இருபத்தைந்து நாளாகிறது. "ஆமாம்" என்று இரண்டு முறை எழுதினேன். ஒன்று மிக நன்றாக அமைந்தது. இரண்டையும் கிழித்துவிட்டேன்.

நான் சந்து எதையும் விடவில்லை. அந்த வரியை எழுதியவன் நான்தான். ஆனால் அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு என்பது எழுதும்போது எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருந்தால் அடைத்திருப்பேன். அடைப்பதுதான் என் வேலை. அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. அலமாரியில் ஒட்டிய பழக்கத்தால் கை எழுதியது. உன்னைக் காப்பாற்றியது என் பிழை. அதை என் கருணையென்று நீ எல்லாரிடமும் சொல்லியிருக்கிறாய்.

இன்னொன்றும் உனக்குத் தெரிய வேண்டும். துறை அனுப்பிய முதல் வரைவில், நான்காம் பிரிவின் கீழ் ஒரு வரி இருந்தது: "மூடுவதற்கு முன் உரிமையாளரிடம் விளக்கம் கேட்டல் வேண்டும்." அதை நான் அடித்தேன். யாரும் அடிக்கச் சொல்லவில்லை. செயலாளர், "இதனால தாமதமாகுமோ?" என்று மட்டும் கேட்டார். அவர் கேட்டது ஐயம். நான் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டேன். ஓரத்தில் "தேவையில்லை" என்று சிவப்புப் பென்சிலால் எழுதிச் சுருக்கொப்பமிட்டேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் யார் நிற்பார்கள் என்று நான் எண்ணவில்லை. உன்னையும் எண்ணவில்லை, வேறு யாரையும் எண்ணவில்லை. அந்த வரி இருந்திருந்தால், அந்த அதிகாரி பின்பக்கம் வந்து மூன்று தொட்டிகளையும் பார்த்திருப்பார்.

நீ மனு அனுப்பு என்று எழுதினேன். அந்த மனுக்கள் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். சட்டக் கருத்துக்கென்று எங்களிடம் தள்ளப்பட்டு, என் நாற்காலிக்குப் பின்னால் உள்ள இரும்பு அலமாரிக்குப் போகும். உன் மனு ஏப்ரல் ஒன்பதாம் தேதி வந்தது. உறையில் உன் கையெழுத்தைப் பார்த்தேன். உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினேன். "பரிசீலனையில் இருக்கக்கூடும்" என்று உனக்கு எழுதியபோது அது என் முதுகுக்கு இரண்டடி பின்னால் இருந்தது.

ஜூன் மாதக் கடிதம் மூன்றாம் தேதியே வந்துவிட்டது. பதினைந்தாம் தேதி கடக்கும்வரை மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். "சரி" என்றால் என் வரிக்கு எதிராக நானே சாட்சி. "வேண்டாம்" என்றால் நீ அப்படியே கேட்டு நடந்து, எல்லாவற்றையும் விற்றுவிடுவாய். இரண்டுக்கும் பயந்தேன். நீ வழக்குப் போட்ட பிறகு அரசின் பதிலுரைக் கோப்பு என்னிடம்தான் வந்தது. மனுதாரர் என் அக்கா என்று எழுதியிருக்க வேண்டும். காய்ச்சல் என்று விடுப்பு எடுத்துக்கொண்டேன்.

போன வாரம் கோப்பு திரும்பி வந்தது, "பதினோராம் பிரிவில் உள்ள சொல்லை ஐயத்துக்கு இடமின்றித் திருத்துக" என்ற குறிப்போடு. அதாவது, சந்தை அடைக்க. மனுதாரர் என் உடன்பிறந்தவர், இதை ஜூன் மாதமே தெரிவித்திருக்க வேண்டும் என்று எழுதிக் கையொப்பமிட்டுத் திருப்பினேன். நான் அடித்த அந்தப் பழைய வரியையும் அடியில் மறுபடி எழுதினேன். அது நிற்கும் என்று சொல்ல முடியாது. செயலாளர் கூப்பிட்டு, "இதை இப்பவா சார் சொல்றது?" என்றார். அறையில் இருந்த இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள், எனக்காக.

உன் மனுவை அலமாரியிலிருந்து எடுத்தேன். நாற்காலி மேல் ஏறி எடுத்த படங்கள். ஒன்றின் மூலையில் உன் கை தெரிகிறது, நாற்காலியைப் பிடித்தபடி.

மன்னிப்புக் கேட்கும் தகுதி குறித்து என்னால் ஒரு வாக்கியமும் அமைக்க இயலவில்லை. மைக்கிடம் சொல்லிவிடு. அத்தானிடமும்.

தம்பி

டிசம்பர் 3

ஷரத்துவுக்கு,

உன் கடிதம் வந்து ஆறு வாரம். இந்த முறை உன் கழுத்து வலியைப் பற்றிக் கேட்கவில்லை.

எல்லாரையும் உட்காரவைத்து உன் கடிதத்தை முழுதாகப் படித்தேன். எதையும் விடவில்லை. முடித்த பிறகு மைக், "அப்போ அவருக்காக வேண்டிக்கிட்டதைத் திருப்பி வாங்க முடியுமாக்கா?" என்றாள். இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊரை விட்டுப் போன இருவரில் ஒருத்தி திரும்பி வரவே இல்லை.

அத்தான் முன்பு சொன்னதைத் திருப்பிச் சொல்லவில்லை. "கடைசில ஒரு கடிதமாவது தம்பி எழுதினான்" என்று மட்டும் சொன்னார். அதில் நீ "நீ" என்று எழுதியிருந்ததை நானும் கவனித்தேன்.

ஆஸ்பத்திரித் துணி பாதி திரும்ப வந்திருக்கிறது. என் விரல்கள் மறுபடி வெடிக்கத் தொடங்கிவிட்டன.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சலவைக்கூடத்துக்கு வா. பத்துப் பேரும் இருப்போம். எழுதிக்கொண்டு வராதே; வாயால் பேசு. உனக்கு இந்தக் கதவை மூடுவதா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. மூடுவதாகவே இருந்தாலும், அதற்கு முன் உன்னிடம் விளக்கம் கேட்டாக வேண்டும்.

அக்கா